சொந்தத் தலைவருக்கு எதிராகக் கை உயருமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அமெரிக்க அதிபர் ட்ரம்ப் மீது இன்னொரு முறை பதவி நீக்கத் தீர்மானம் வந்தால், அவருடைய குடியரசுக் கட்சி உறுப்பினர்களே அவருக்கு எதிராக வாக்களிப்பார்களா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாலக்கோடு

பதில்: ஒரு சிலர் வாக்களிக்கலாம், அவரைப் பதவியிலிருந்து இறக்கும் அளவுக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்பதே என் கணிப்பு. காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். அங்கே பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டுகிறது. செனட் சபை விசாரித்து, வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால்தான் அதிபரை நீக்குகிறது. நூறு பேரும் வந்திருந்தால் 67 வாக்குகள் வேண்டும். 2024 தேர்தலுக்குப் பின் அமைந்த செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள். எதிர்ப்பக்கம் இருக்கும் 47 பேரும் ஒருவர் விடாமல் ஒன்றாக நின்றாலும், ஆளும் கட்சியிலிருந்து 20 பேர் பிரிந்து வர வேண்டும். அதிபர் ஒருவரைக் குற்றவாளி என்று அவருடைய சொந்தக் கட்சி செனட்டர்கள் சொன்னதில் இதுவரை அதிகபட்ச எண்ணிக்கை ஏழு. அது 2021 பிப்ரவரி 13 அன்று ட்ரம்ப் மீதான இரண்டாவது விசாரணையில் நடந்தது. 57 பேர் குற்றவாளி என்றும் 43 பேர் இல்லை என்றும் சொன்னதால் அவர் தப்பினார். 2019 டிசம்பரில் முதல் தீர்மானம் வந்தபோது பிரதிநிதிகள் சபையில் அவருடைய கட்சியினர் ஒருவர்கூட அதை ஆதரிக்கவில்லை. 1999-இல் கிளின்டன் மீதான விசாரணையிலும் அவருடைய ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் ஒருவரும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் வாக்களித்த நாளைவிட அதற்குப் பின் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான விடையைத் தருகிறது. 2021 ஜனவரி 13 அன்று பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர் ட்ரம்புக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களில் நான்கு பேர் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை. நான்கு பேர், பொதுத் தேர்தலுக்குப் போகும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலிலேயே தோற்றுப் போனார்கள். முன்னாள் துணை அதிபரின் மகளும், சபையில் கட்சித் தலைமையின் மூன்றாம் நிலையில் இருந்தவருமான வயோமிங் மாநிலத்து லிஸ் செனி அந்த நால்வரில் ஒருவர். மறுபடியும் வென்று வந்தவர்கள் இருவர் மட்டுமே: கலிபோர்னியாவின் டேவிட் வலடாவோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். இவ்விருவரின் மாநிலங்களிலும் முதனிலைத் தேர்தல் வேறு விதமாக நடக்கிறது. எல்லாக் கட்சி வேட்பாளர்களின் பெயர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இருக்கும். எந்தக் கட்சி அபிமானியும் யாருக்கும் வாக்களிக்கலாம். முதல் இரண்டு இடம் பெறுவோர் பொதுத் தேர்தலுக்குப் போவார்கள். அதாவது, அங்கே கட்சியின் தீவிரத் தொண்டர்கள் மட்டும் சேர்ந்து ஒருவருக்குச் சீட்டு இல்லை என்று எளிதில் ஆக்கிவிட முடியாது. சீட்டு யார் கையில் இருக்கிறதோ, அவர் பக்கமே உறுப்பினரின் கண் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

செனட்டர்கள் எழுவரையும் இதே போலப் பார்க்கலாம். பர், டூமி இருவரும் இனிப் போட்டியில்லை என்று முன்பே அறிவித்திருந்தவர்கள். காலின்ஸ், காசிடி, சாஸ் மூவரும் 2020 நவம்பரில்தான் வென்றிருந்தார்கள். ஆறாண்டுப் பதவிக்காலம் முழுதாக மிச்சம் இருந்தது. ராம்னிக்கு 2024 வரை தேர்தல் இல்லை. மறு ஆண்டே, அதாவது 2022-இல், வாக்காளர்களைச் சந்திக்க வேண்டியிருந்தவர் அலாஸ்காவின் முர்கோவ்ஸ்கி ஒருவர்தான். அவருடைய மாநிலமும் அதற்குள் எல்லாக் கட்சியினருக்கும் பொதுவான முதனிலைத் தேர்தலுக்கு மாறியிருந்ததால் அவர் பிழைத்தார். இவர்கள் நாள்காட்டியைப் பார்த்துத்தான் வாக்களித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2020-இல் வென்ற மற்ற குடியரசுக் கட்சியினர் பலருக்கும் அதே ஆறாண்டுகள் இருந்தன, அவர்கள் அசையவில்லை. காலம் கைகொடுத்தாலும் மனம் வர வேண்டும். மனம் இருந்தும் காலம் கைகொடுக்காதவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் எந்த வாக்குப் பதிவேடும் சொல்லாது.

கேள்வி: அப்படியானால் 1974-இல் நிக்சனை மட்டும் அவருடைய கட்சி எப்படிக் கைவிட்டது?
– வழக்கறிஞர், காவேரிப்பட்டணம்

பதில்: கடைசி நாலைந்து நாட்களில் கைவிட்டது. வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டது 1972 ஜூன் 17. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் விசாரணை, சாட்சியம், வழக்கு என்று நாடே கலங்கியபோதும் குடியரசுக் கட்சியில் பெரும்பாலோர் நிக்சனுடனேயே இருந்தார்கள். 1974 ஜூலை 27 அன்று பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு முதல் குற்றச்சாட்டை 27-க்கு 11 என்ற கணக்கில் நிறைவேற்றியபோது, குழுவில் இருந்த 17 குடியரசுக் கட்சியினரில் ஆறு பேர் மட்டுமே அதற்கு ஆதரவு தந்தார்கள்.

உச்ச நீதிமன்ற உத்தரவால் ஆகஸ்ட் 5 அன்று ஓர் ஒலிநாடாவின் எழுத்து வடிவம் வெளிவந்தது. கட்டடத்தில் ஆட்கள் பிடிபட்ட ஆறாம் நாளே, எஃப்.பி.ஐ.யின் விசாரணையை சி.ஐ.ஏ.வைக் கொண்டு தடுக்க நிக்சன் ஒப்புதல் தருவது அதில் பதிவாகியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லிவந்ததை நம்பி வாதாடியவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போனது. குழுவில் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் எதிர்த்திருந்த பத்துப் பேரும், இனித் தாங்களும் தீர்மானத்தை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். ஆகஸ்ட் 7 மாலை செனட்டர்கள் பேரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், பிரதிநிதிகள் சபையின் கட்சித் தலைவர் ஜான் ரோட்ஸ் ஆகிய மூவரும் வெள்ளை மாளிகைக்குச் சென்றார்கள். பதவி விலகுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தமக்கு ஆதரவாக எத்தனை பேர் நிற்பார்கள் என்று நிக்சன் கேட்க, கை மீறிப் போய்விட்டது என்பதைச் சொன்னார்கள். மறுநாள் இரவு அவர் தொலைக்காட்சியில் விலகலை அறிவித்தார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முழுச் சபையில் எழுந்து தம் தலைவருக்கு எதிராக வாக்களிக்கும் சங்கடம் கடைசி வரை அக்கட்சியில் பெரும்பாலோருக்கு நேரவே இல்லை. மேலும், இரண்டாம் முறை வென்றுவிட்ட நிக்சனால் மறுபடி அதிபர் தேர்தலில் நிற்க முடியாது. மக்களிடமும் நான்கில் ஒரு பங்கு ஆதரவே எஞ்சியிருந்தது. போனவர் திரும்பி வந்து நம்மைப் பழிவாங்குவாரோ என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லை. 2021-இல் ட்ரம்ப் பதவியிழந்து வெளியே போன பிறகும் கட்சித் தொண்டர்கள் அவர் பக்கமே நின்றார்கள். லிஸ் செனி தோற்றதன் காரணம் அதுதான்.

கேள்வி: 2017-இல் எங்கள் அரூர் எம்.எல்.ஏ.வும் பக்கத்துப் பாப்பிரெட்டிப்பட்டி எம்.எல்.ஏ.வும் முதலமைச்சருக்கு எதிராகக் கடிதம் கொடுத்துப் பதவியையே இழந்தார்கள். அமெரிக்காவில் இப்படிப் பதவி பறிபோகுமா?
– மஞ்சள் வியாபாரி, அரூர்

பதில்: பறிபோகாது. அங்கே சொந்தக் கட்சிக்கு எதிராக வாக்களித்தவர் அடுத்த தேர்தல் வரை தம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்; தண்டனை வாக்காளர் கையால், அடுத்த தேர்தலில் வரும். நம் நாட்டில் 1985-இல் வந்த 52-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டதிலிருந்து, கொறடாவின் உத்தரவை மீறினாலோ, தாமாக முன்வந்து கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிட்டாலோ பதவியே போய்விடும். மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தப்பலாம் என்றிருந்த வழியையும் 2003-இன் 91-ஆவது திருத்தம் அடைத்துவிட்டது.

உங்கள் ஊர்க் கதை இந்தச் சட்டத்தின் இரண்டு முகங்களையும் காட்டுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த உறுப்பினர்கள் நேரே பேரவைக்கு வந்திருந்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று திமுகவும் ஓ. பன்னீர்செல்வம் அணியும் கேட்டன. பேரவைத் தலைவர் தனபால் மறுத்தார். திமுகவினர் வெளியேற்றப்பட்ட பின் நடந்த வெளிப்படையான வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரித்தார்கள். பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் எதிர்த்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். மறுநாள் டி.டி.வி. தினகரனை ஆதரித்த உறுப்பினர்கள் முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மனம் மாற, எஞ்சிய 18 பேரைப் பேரவைத் தலைவர் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். அரூர் ஆர். முருகனும், முன்னாள் உயர்கல்வித் துறை அமைச்சரான பாப்பிரெட்டிப்பட்டி பி. பழனியப்பனும் அந்தப் பதினெட்டில் இருந்தார்கள்.

நாங்கள் கட்சியை விட்டுப் போகவில்லை, முதலமைச்சரைத்தான் மாற்றச் சொல்கிறோம் என்பது அவர்களுடைய வாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் மாதம் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். பேரவைக்குள்ளேயே அரசுக்கு எதிராக வாக்களித்த பதினொருவர் மீதான மனுவோ நீதிமன்றங்களைச் சுற்றி, 2020-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து மீண்டும் பேரவைத் தலைவரிடமே திரும்பி வந்தது. அவர்கள் பதவிக்காலம் முடியும் வரை உறுப்பினர்களாகவே நீடித்தார்கள். வாக்கால் எதிர்த்தவர் தப்பினார், கடிதத்தால் எதிர்த்தவர் இழந்தார். இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: முதல் அணி அதற்குள் சமாதானமாகிவிட்டது.

பேரவைத் தலைவரும் ஒரு கட்சியின் சின்னத்தில் வென்று வந்தவரே. தகுதி நீக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கும் வரை, தலைமைக்கு எதிராகக் கை தூக்க நினைக்கும் உறுப்பினர் முதலில் அவருடைய முகத்தைத்தான் பார்ப்பார். உங்கள் இரு தொகுதிகளுக்கும் 2017 செப்டம்பர் முதல் 2019 மே மாத இடைத்தேர்தல் முடிவு வரை, ஏறத்தாழ 20 மாதங்கள், சட்டப்பேரவையில் ஆளே இல்லை. குடிநீருக்கோ சாலைக்கோ மனு எழுதியவர், தொகுதிக்கு உறுப்பினர் இல்லாததால், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தருமபுரி ஆட்சியர் அலுவலகம் வரை பேருந்து ஏற வேண்டியிருந்தது. தலைவரை எதிர்த்ததற்கான தண்டனையில் வாக்காளருக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது. இடைத்தேர்தலில் இரண்டு தொகுதிகளையும் அதிமுகவே தக்கவைத்துக்கொண்டது.

கேள்வி: உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதை நியாயப்படுத்துகிறீர்களா?
– விவசாயி, காரிமங்கலம்

பதில்: உண்டது யார் வீட்டில் என்பதில்தான் தகராறே. கட்சி சீட்டுக் கொடுத்தது; வாக்குக் கொடுத்தவர் வேறு.

கேள்வி: தென்கொரியாவில் மட்டும் இது எளிதாக நடந்துவிடுகிறதே, எப்படி?
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

பதில்: எளிதாக நடக்கவில்லை. அங்கும் 300 பேர் கொண்ட அவையில் மூன்றில் இரண்டு பங்கான 200 வாக்குகள் வேண்டும். ஆனால் பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு. யார் எப்படி வாக்களித்தார் என்று கட்சித் தலைமைக்குத் தெரியாது. 2016 டிசம்பர் 9 அன்று அதிபர் பார்க் குன்-ஹே மீதான தீர்மானத்துக்கு 234 பேர் ஆதரவு தந்தார்கள். அவருடைய சொந்தக் கட்சியிலிருந்து குறைந்தது 60 பேராவது சேர்ந்தால்தான் அந்த எண் வரும். வாரந்தோறும் சியோல் வீதிகளில் மெழுகுவர்த்தியுடன் திரண்ட கூட்டமும், அவருடைய ஆதரவு 4 விழுக்காட்டுக்குச் சரிந்ததும் அதற்குக் காரணம். அடுத்த மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் அவரை நீக்கியது.

2024-இல் நடந்தது இன்னும் பாடமானது. டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். சில மணி நேரத்தில் அவை கூடி அதை ரத்து செய்தது. டிசம்பர் 7 அன்று பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. எதிர்க்கட்சிகளிடம் 192 பேர். ஆளும் கட்சியின் 108 பேரில் எட்டுப் பேர் வந்தால் போதும். வாக்கு ரகசியம் என்பதால் தலைமைக்கு நடுக்கம். ஆகவே தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே தங்கள் உறுப்பினர்களை மொத்தமாக வெளிநடப்பு செய்யவைத்தார்கள். உள்ளே தங்கினாலே ஆள் அடையாளம் தெரிந்துவிடும்; பிறகு வாக்கு ரகசியமாக இருந்தென்ன? ஆளும் கட்சி இருக்கைகளில் ஆன் சியோல்-சூ ஒருவர் மட்டும் தனியே உட்கார்ந்திருந்தார். பின்னர் இருவர் திரும்பி வந்து வாக்களித்தார்கள். எதிர்க்கட்சியினர் வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கக் கூவி அழைத்தார்கள். இரவு வரை காத்திருந்தும் 195 வாக்குகளே பதிவானதால், எண்ணாமலேயே தீர்மானம் விழுந்தது. ஒரு வாரம் வெளியே மக்கள் கொந்தளித்தார்கள். டிசம்பர் 14 அன்று ஆளும் கட்சியால் இரண்டாம் முறை வெளிநடப்பு செய்ய முடியவில்லை. எதிர்த்து வாக்களியுங்கள் என்று சொல்லி உறுப்பினர்களை உள்ளே அனுப்பியது. ஆதரவு 204. குறைந்தது பன்னிரண்டு பேர் மாறியிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று நீதிமன்றம் யூனை நீக்கியது.

கேள்வி: அப்படியென்றால் எல்லா நாடுகளிலும் சட்டமன்ற வாக்கெடுப்பை ரகசியமாக்கிவிடலாமே?
– கல்லூரி மாணவி, பென்னாகரம்

பதில்: கூடாது. நான் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் எப்படி வாக்களித்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் எதைக் கொண்டு அவரை எடைபோடுவேன்? மேலும், இருட்டில் மனச்சாட்சி பேசுவது போலவே பணமும் பேசும். நம் ஊரில் எது உரக்கப் பேசும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தலைவரை நீக்கும் ஒரு வாக்கெடுப்பை மட்டும் விதிவிலக்காக்கலாம் என்பது என் கருத்து.

அப்படி ஆக்கினாலும் அது மந்திரக்கோல் ஆகிவிடாது. தென்னாப்பிரிக்காவில் 2017 ஆகஸ்ட் 8 அன்று அதிபர் ஜேக்கப் ஜூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் ரகசியமாகவே நடந்தது. ஆதரவு 177, எதிர்ப்பு 198. அவருடைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸில் இருபதுக்கும் மேற்பட்டோர் ரகசியத்தைப் பயன்படுத்தி எதிராக வாக்களித்தும் ஜூமா தப்பினார். நாடாளுமன்றம் செய்ய முடியாததைக் கட்சி செய்தது: 2017 டிசம்பரில் கட்சித் தலைமை ரமபோசாவிடம் போனதும், இரண்டே மாதங்களில் ஜூமா பதவி விலக நேர்ந்தது. சீட்டுக் கொடுக்கும் கை மாறியவுடன், முன்பு அவருக்காக எழுந்து நின்ற உறுப்பினர்களும் மாறிவிட்டார்கள்.

கேள்வி: பக்கத்தில் இலங்கையில் அதிபர் பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய கட்சிக்காரர்களே கிளம்பினார்களே?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், தேன்கனிக்கோட்டை

பதில்: ஆம், 1991-இல். லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்ற இரண்டு முன்னணித் தலைவர்கள், சொந்த ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் பலரின் கையொப்பங்களையும் எதிர்க்கட்சியினரின் கையொப்பங்களையும் சேர்த்துச் சபாநாயகரிடம் பதவி நீக்கத் தீர்மானத்தைக் கொடுத்தார்கள். சபாநாயகர் முதலில் அதை ஏற்றார். செய்தி வெளியானதும் கையொப்பமிட்டவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். போதிய கையொப்பம் இல்லை என்று அக்டோபரில் தீர்மானம் நிராகரிக்கப்பட்டது. தலைமை தாங்கிய இருவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, அதனால் நாடாளுமன்ற இடத்தையும் இழந்தார்கள். ரகசியமாகச் சேர்த்த ஆட்கள், தீர்மானம் வெளிச்சத்துக்கு வந்த கணத்தில் கரையத் தொடங்குவார்கள். இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் வாக்கெடுப்புக்கு முன்பே, கொடுத்த கடிதத்துக்கும் கூட்டிய அவைக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் தோற்கின்றன.

கேள்வி: இந்தியக் குடியரசுத் தலைவரையும் இப்படி நீக்க முடியுமா? அப்போதும் கட்சி சொன்னபடிதான் வாக்களிப்பார்களா?
– நெசவாளர், போச்சம்பள்ளி

பதில்: அரசியல் சட்டத்தின் 61-ஆவது பிரிவு வழி வகுத்திருக்கிறது. ஏதாவது ஓர் அவையின் நான்கில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டு, 14 நாள் முன்னறிவிப்புடன் தீர்மானம் கொண்டுவந்து, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால், அடுத்த அவை விசாரிக்கும். அங்கும் அதே அளவு ஆதரவு வேண்டும். இதுவரை யார் மீதும் இது பயன்படுத்தப்படவில்லை. பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் பதவி நீக்க விசாரணை என்று எதுவும் கிடையாது. நம்பிக்கை வாக்கெடுப்பு மட்டுமே உண்டு, அங்கே கொறடா நிற்கிறார்.

கட்சி நினைத்தால் என்ன செய்யும் என்பதற்கு 1993 மே மாதத்தைச் சொல்லலாம். உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்கும் தீர்மானம் மக்களவையில் வந்தபோது 196 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் காங்கிரஸும் அதன் கூட்டணியினருமாக 205 பேர் அவையில் இருந்தபடியே வாக்களிக்காமல் விட்டதால், மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் தோற்றது.

மாறாக, கட்சி சொன்னதைக் கேட்காத வாக்கெடுப்பும் நம்மிடம் உண்டு. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று பிரதமர் இந்திரா காந்தி சொன்னார்; சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி வென்றார். அந்தத் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு. கொறடா உத்தரவுக்கு இன்றும் அங்கே இடமில்லை. அதோடு, கட்சியின் முடிவை மீறச் சொன்னவரே நாட்டின் பிரதமராக இருந்தார். மூன்று மாதம் கழித்து, நவம்பரில், கட்சித் தலைமை இந்திராவை நீக்கியது. காங்கிரஸின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டவருடனேயே சென்றார்கள்.